சின்ன டிரெய்லருக்கு ஹிட்ச்சும் எலெக்ட்ரிக் ஜாக்கும்: மாட்டிப் பார்த்த அனுபவம்

எங்களுடையது 17 அடி டிராவல் டிரெய்லர், அதாவது வண்டிக்குப் பின்னால் இழுத்துப்போகும் சக்கர வீடு. இழுப்பது அரை டன் வகை பிக்கப் டிரக். ஆஸ்டினிலிருந்து ஃபோர்ட் டேவிஸ் போகும் வழியில், மேற்கு டெக்சஸ் ஐ-10-இல் வேக வரம்பே 80 மைல். எங்கள் டிரெய்லர் டயருக்கு 65 மைல்தான் என்பதால் நாங்கள் எப்போதும் வலது ஓரம். பெரிய லாரி தாண்டும்போதெல்லாம் டிரெய்லரை முதலில் வெளியே தள்ளும், அப்புறம் தன் பக்கம் இழுக்கும். ஸ்டியரிங்கும் கொஞ்சம் லேசாகிவிட்ட மாதிரி இருந்தது. அதனால்தான் வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச் பக்கம் வந்தேன்: டிரெய்லரைப் பிக்கப்போடு இணைப்பதோடு, பின்னால் அழுத்தும் பாரத்தில் ஒரு பகுதியை முன் அச்சுக்குத் திருப்பும் கொக்கி அது.

எந்தக் கம்பெனி என்பதற்கு முன்னால் டங் வெயிட், அதாவது டிரெய்லரின் மூக்கு ஹிட்ச்சை அழுத்தும் எடை, தெரிய வேண்டும். கேட்டலாக்கில் 340 பவுண்டு. ஆனால் அது காலி வண்டியின் கணக்கு. முன்னால் உட்காரும் இரண்டு புரொபேன் சிலிண்டர்கள் நிரம்பினால் சுமார் 75 பவுண்டு, பேட்டரி 50, அப்புறம் நம் சாமான்கள். டிரக் ஸ்டாப்பில் இருக்கும் கேட் (CAT) ஸ்கேல் என்ற எடைமேடையில் பிக்கப்பைத் தனியாக ஒருமுறை, டிரெய்லர் மாட்டி ஒருமுறை நிறுத்தி, பிக்கப்பின் இரண்டு அச்சிலும் கூடிய எடையைக் கூட்டிப் பார்த்தேன்: 520. டிரெய்லர் முழுச் சுமையோடு 4,000 பவுண்டு, ஆக 13 சதவீதம். 10 முதல் 15 வரை இருக்கலாம் என்பதால் நல்ல அளவுதான். மாட்டுவண்டியில் பாரம் ஏற்றுகிற மாதிரிதான் இதுவும்: பின்பாரம் கூடினால் நுகத்தடி தூக்கும், முன்பாரம் கூடினால் மாட்டின் கழுத்து அழுந்தும்.

என் ரிசீவர் (பிக்கப்பின் பின்னால் ஹிட்ச் நுழையும் குழாய்) ஸ்டிக்கரில் சாதாரண ஹிட்ச்சுக்கு வரம்பு 500 பவுண்டு. என் 520 அதைத் தாண்டிவிட்டது; வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச் வேண்டுமா என்ற கேள்வி அதோடு முடிந்தது.

ஆண்டர்சன் ஹிட்ச் எடை குறைவு, சத்தமும் இல்லை, ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் முன் அச்சுக்குப் பாரத்தைத் திருப்புவதில், வளைந்து கொடுக்கும் நீளமான எஃகு கம்பிகள் (பார்கள்) வைத்த ஹிட்ச் மேல் என்பது என் அபிப்பிராயம். அந்த வகையான ஈக்வலைசர் பிராண்டு ஹிட்ச்சில் ஆட்டத்தைக் கட்டுப்படுத்தும் உராய்வு பார்களிலேயே இருக்கிறது. ரிவர்ஸ் எடுக்க எதையும் கழற்ற வேண்டாம். பெரிய சைஸாக வாங்கிவிட்டால் கவலையில்லை என்று பலர் சொல்வார்கள். அப்படிச் செய்யாதீர்கள். 1,000 பவுண்டு பார் இந்தச் சின்ன டிரெய்லருக்கு வளைந்தே கொடுக்காது. பள்ளத்தில் விழும் ஒவ்வோர் அடியும் நேராக ஃபிரேமுக்குப் போகும். 520-ஓடு பிக்கப்பின் பின் அச்சுக்குப் பின்னால் வைக்கும் சாமான் 50 சேர்த்தாலும் 570. 600 பவுண்டு பார் எடுத்தேன்.

டிரெய்லர் மூக்கைத் தூக்கி இறக்கும் ஜாக்கையும் இதோடு சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும். பார்களை டிரெய்லர் ஃபிரேமிலுள்ள எல் வடிவப் பிராக்கெட்டில் ஏற்ற, கப்ளரை (டிரெய்லர் மூக்கிலுள்ள பூட்டு) ஹிட்ச்சின் பந்தில் பூட்டியபின் ஜாக்கால் டிரெய்லர் மூக்கையும் பிக்கப்பின் பின்பக்கத்தையும் சேர்த்துத் தூக்க வேண்டும். டங் வெயிட்டை மட்டும் பார்த்துச் சின்ன ஜாக் வாங்கினால் மோட்டார் திணறும். 3,500 பவுண்டு, 18 அங்குலம் ஏறுகிற ஜாக் வாங்கினேன். ஆகஸ்ட் வெயிலில் கைப்பிடி சுற்றியவர்களுக்கு இதன் அருமை தெரியும். மூன்று போல்ட்தான். பேட்டரி பாசிட்டிவிலிருந்து 30 ஆம்ப் ஃபியூஸ் வழியாக ஒரே ஒயர். எர்த் ஃபிரேம் வழியாகப் போவதால் போல்ட் உட்காரும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டினேன். வாங்கும் முன் இரண்டு விஷயம் பாருங்கள்: பிக்கப்பின் டெயில்கேட்டை (பின்கதவை) திறந்தால் ஜாக் மோட்டாரின் மேல்பாகத்தில் இடிக்குமா, பேட்டரி தீர்ந்தால் கையால் சுற்ற வழி உண்டா.

பொருத்திய பின் சமதளத்தில் பிக்கப்பின் முன்சக்கரத்துக்கு மேலுள்ள வளைவின் உயரத்தை அளந்தேன். தனியாக 37 அங்குலம். டிரெய்லரை மாட்டியதும் 38. பார் ஏற்றியதும் 37¾. இது போதாது, உயர்ந்ததில் பாதியாவது இறங்க வேண்டும். ஹிட்ச் தலையில் ஒரு வாஷர் கூட்டிச் சாய்வை அதிகமாக்கினேன். 37⅜ வந்தது. டிரெய்லரும் மட்டமாக நிற்கிறது.

இப்போது லாரி தாண்டினால் ஒரு சின்னத் தள்ளல், அவ்வளவுதான். திருப்பங்களில் பார்கள் கிறீச்சிடுகின்றன. பந்துக்கும் பார் நுழையும் குழிக்கும் கிரீஸ் உண்டு. எல் பிராக்கெட்டுக்குக் கூடாது, ஆட்டத்தை அடக்குவதே அந்த உராய்வுதான். அடுத்து பிரேக் கன்ட்ரோலரின் கெய்னை (டிரெய்லர் பிரேக் எவ்வளவு வலுவாகப் பிடிக்க வேண்டும் என்ற அளவை) சரிபார்க்க வேண்டும்.