மூன்று சென்டிமீட்டர்

நீளம் தாண்டும் வீரர்களுக்குப் பயிற்சி அளிக்கத் தொடங்கிய முதல் சில ஆண்டுகளில், "வெற்றி தோல்வியை நினைக்காதே, உன்னால் முடிந்ததைச் செய்" என்றே எல்லோரிடமும் சொல்லி வந்தேன். பதற்றம் குறையும் என்று நம்பித்தான் சொன்னேன். ஆனால் அந்தச் சொல்லே சிலருக்குச் சாக்காகிப் போனதை நான் வெகுநாள் கவனிக்கவில்லை.

என் எண்ணத்தை மாற்றியவள் என்னிடம் பயின்ற ஒரு மாணவி. ஒரு போட்டியில் 3 சென்டிமீட்டரில் முதலிடத்தை இழந்தாள். நான் சொன்ன ஆறுதலை அவள் காதில் வாங்கவே இல்லை. மறுநாள் காலை நான் மைதானத்துக்குப் போனபோது, ஓடிவந்து கால் ஊன்றித் தாவும் பலகையின் மீது ஈர மணலை மெல்லியதாகப் பரப்பி, ஓடிவந்து தாவி, தன் காலடித் தடத்துக்கும் மணற்குழிப் பக்கமுள்ள பலகையின் முன்விளிம்புக்கும் இடையே நாடாவைப் பிடித்து அளந்துகொண்டிருந்தாள். ஒவ்வொரு முறையும் 10 சென்டிமீட்டருக்குக் குறையாமல் பின்னாலேயே கால் ஊன்றியிருந்தாள். தாண்டிய தூரம் அந்த விளிம்பிலிருந்துதான் அளக்கப்படும் என்பதால், அவள் தாண்டியதில் அவ்வளவும் கணக்கில் வராமலே போயிருந்தது.

"நான் மணலில் தோற்கவில்லை சார், பலகையில் தோற்றிருக்கிறேன்" என்றாள்.

அதன்பின் பல வாரங்கள், தாவாமல் வெறுமனே ஓடிவந்து அடிகளைச் சீராக்கும் சலிப்பான பயிற்சியை, நான் சொல்லாமலே அவள் தினமும் செய்தாள். வெல்ல வேண்டும் என்ற தவிப்பு இல்லாதவர் யாரும் அந்த வேலையில் அத்தனை நாள் நிலைத்து நான் கண்டதில்லை. அமெரிக்க நீளம் தாண்டும் வீரர் மைக் பவலும் அப்படித்தான்; தன் நாட்டு வீரரான கார்ல் லூயிஸிடம் தொடர்ந்து 15 முறை தோற்றவர். 1991இல் ஒரு தோல்வி வெறும் 1 சென்டிமீட்டரில் நேர்ந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் டோக்கியோவில் லூயிஸ் 8.91 மீட்டர் தாண்டிய பிறகு, அவரை மிஞ்சியே ஆகவேண்டிய நிலையில் பவல் 8.95 மீட்டர் தாண்டினார். முன்னால் லூயிஸ் இல்லாதிருந்தால் அந்தத் தாவல் நிகழ்ந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகமே.

ஆயினும் பயிற்சியில் துணைநிற்கும் அதே ஆசை, ஓடுபாதையில் நிற்கும் நொடியில் காலை வாரிவிடவும் கூடும். அடுத்த போட்டியில் அவள் பலகையையே வெறித்துப் பார்த்தபடி ஓடிவந்து, கடைசி அடியை எட்டி வைத்து, முதல் இரண்டு வாய்ப்புகளிலும் பலகையின் விளிம்பைத் தாண்டி மிதித்தாள்; இரண்டு தாவல்களும் செல்லாமல் போயின. மூன்றாவதும் தவறினால் அத்துடன் வெளியேற வேண்டும். "பலகை இருந்த இடத்திலேயே இருக்கும், நீ அடிகளை மட்டும் எண்ணு" என்று மட்டும் சொன்னேன்.

எண்ணிக்கொண்டே ஓடிவந்தாள். தாவல் செல்லும் என்று வெள்ளைக் கொடி உயர்ந்தது. உடலில் ஒட்டிய மணலைக்கூடத் தட்டாமல் எழுந்துவந்து, தூரம் அறிவிக்கப்படும் முன்பே, தன் கால் பலகையில் எங்கே பதிந்திருக்கிறது என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.