லீ டெங்-ஹுய் கேள்வி வந்தால் விடாதீர்கள்: கிழக்காசிய அரசியல் தாள் எழுதியவனின் குறிப்புகள்

ரிசல்ட் வந்துவிட்டது. கிழக்காசிய அரசியல் தாள்தான் என்னைக் கவிழ்க்கும் என்று ஹாஸ்டலில் ஆளாளுக்குச் சொன்னார்கள். கடைசியில் மொத்த மதிப்பெண்ணைத் தூக்கி நிறுத்தியதே அதுதான். அதிலும் பலர் தொடாமல் விட்ட கேள்வி: தைவானின் முன்னாள் அதிபர் லீ டெங்-ஹுய்யின் அரசியல் வாழ்வைத் தைவானின் ஜனநாயக மாற்றத்தோடு பொருத்தி ஆராய்க. தாளின் அமைப்பு உங்களுக்கே தெரியும், நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

பிறப்பிலிருந்து தொடங்காதீர்கள். கடையில் கிடைக்கிற நோட்ஸ் எல்லாம் 1923, ஜப்பானிய ஆட்சி, கியோத்தோ பல்கலைக்கழகம் என்று இரண்டு பக்கம் ஓட்டும். திருத்துபவருக்கு அது சலித்துப்போயிருக்கும். அதிலிருந்து எடுக்கவேண்டியது இவ்வளவுதான்: மனிதர் விவசாயப் பொருளாதாரம் படித்தவர், 1968இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர், தைவானை ஆண்ட குவோமிந்தாங் கட்சியில் சேர்ந்ததே 1971இல், 48 வயதில். ராணுவத்தின் வழியாக மேலே வந்தவர் இல்லை, கட்சிக்குள் சொந்தக் கோஷ்டி இல்லை, தைவான் மண்ணிலேயே பிறந்தவர். முதலில் பிரதமராகவும் 1978 முதல் அதிபராகவும் இருந்த சியாங் சிங்-குவோ இவரை 1972இல் அமைச்சராக்கி, தலைநகர் தைபேயின் மேயர், தைவான் மாகாண ஆளுநர் என்று ஏற்றி, 1984இல் துணை அதிபராகவும் ஆக்கினார். இந்த ஆளால் ஆபத்து வராது என்று நம்பித்தான் ஏற்றிவிட்டார்கள் என்பது என் வாசிப்பு. என் கருத்து என்று சொல்லியே எழுதினேன், மார்க் குறையவில்லை.

அப்புறம், ஒரே ஒரு எண்ணை மட்டும் மனப்பாடம் செய்யமுடியும் என்றால் 261ஐச் செய்யுங்கள். 1947-48இல் சீனப் பெருநிலத்தில் தேர்வான நாடாளுமன்ற அவைகளின் உறுப்பினர்கள், 1949இல் பெருநிலம் கம்யூனிஸ்டுகளிடம் போனபிறகும் தைபேயில் நாற்பது வருடத்துக்கும் மேலாகப் பதவியில் இருந்தார்கள். தேர்தல் நடத்த ஊரே கையில் இல்லை, எனவே சட்டமியற்றும் அவையிலும் கண்காணிப்பு அவையிலும் பழையவர்களே தொடரலாம் என்று 1954இல் அரசியலமைப்பு நீதிபதிகளின் 31ஆம் விளக்கம் சொன்னது. 1990 ஜூன் 21இல் வந்த 261ஆம் விளக்கம் அந்தக் கதையை முடித்தது. 1991 டிசம்பர் 31க்குள் பழைய உறுப்பினர்கள் எல்லோரும் வீட்டுக்குப் போகவேண்டும். 31, 261 இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, நடுவில் லீயை நிறுத்துங்கள். என் விடையே இதன்மேல்தான் நின்றது. இதை வைத்துக்கொண்டே தாளைத் தாண்டிவிடலாம் என்றுகூடச் சொல்வேன்.

261க்கு மூன்று மாதம் முந்தைய ஒரு நாளை மட்டும் விரிவாக எழுதினேன்: 1990 மார்ச் 21. சியாங் கை-ஷேக் நினைவு மண்டபத் திடலில் காட்டு லில்லி இயக்க மாணவர்கள் ஆயிரக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறார்கள். அதிபரைத் தேர்ந்தெடுக்கும் தேசியப் பேரவையைக் கலையுங்கள், அரசியலமைப்பை ஓரங்கட்டி அதிபருக்குக் கூடுதல் அதிகாரம் தந்த தற்காலிக விதிகளை நீக்குங்கள், தேசிய விவகார மாநாட்டைக் கூட்டுங்கள், சீர்திருத்தத்துக்குக் கால அட்டவணை தாருங்கள் என்று நான்கு கோரிக்கை. அன்றைக்குத்தான் அந்தப் பேரவை 641 ஓட்டுப் போட்டு லீயை அதிபராகத் தேர்ந்தெடுத்தது. அன்று மாலையே அவர் மாணவர் பிரதிநிதிகளை அதிபர் மாளிகைக்கு வரவழைத்துப் பேசினார். மாநாடு அந்தக் கோடையிலேயே கூடியது. தன்னைத் தேர்ந்தெடுத்த அவையை ஒழிக்கச் சொல்கிறவர்களோடு அன்றே உட்கார்ந்தவர் எப்படிப்பட்ட ஆள்? மாணவர்கள் அவரை நகர்த்தினார்களா, அவர் மாணவர்களைக் காட்டிக் கட்சிப் பெரிசுகளை நகர்த்தினாரா? கேள்வியில் உள்ள 'ஆராய்க' என்ற சொல்லுக்கு மார்க் விழுவது இங்கேதான்.

தேதிப் பட்டியல் எனக்கு அலர்ஜி. ஆனாலும் இவை வேண்டும்:

- 1988 ஜனவரி 13: சியாங் சிங்-குவோ மறைவு, லீ அதிபர்
- 1991 மே 1: தற்காலிக விதிகள் முடிவு
- 1991 டிசம்பர், 1992 டிசம்பர்: பேரவைக்கும் சட்டமியற்றும் அவைக்கும் முழுத் தேர்தல்
- 1995 பிப்ரவரி 28: 1947இல் அரசுப் படைகள் தைவான் மக்களைக் கொன்ற படுகொலைகளுக்கு அரசின் சார்பில் மன்னிப்பு
- 1996 மார்ச் 23: முதல் நேரடி அதிபர் தேர்தல், லீக்கு 54%

ராணுவச் சட்டம் நீங்கியதை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். அது 1987 ஜூலை, சியாங் சிங்-குவோ செய்தது. அதை லீ கணக்கில் எழுதினால் மீதிப் பதிலைத் திருத்துபவர் நம்பமாட்டார். வெறும் 'சியாங்' என்றும் எழுதாதீர்கள். அப்பா கை-ஷேக், மகன் சிங்-குவோ, இருவருமே அதிபர்கள்.

லீயைப் புகழ்ந்தும் தள்ளாதீர்கள். நான் சண்டைகளை வைத்துத்தான் எதையும் நினைவில் வைப்பேன், அட்டவணை போட்டுப் படிக்கிறவர்களுக்கு இது ஒத்துவராமல் போகலாம். முப்படைத் தலைமைத் தளபதியாக எட்டு வருடம் இருந்த ஹாவ் பெய்-சுன்னை 1990இல் பிரதமராக்கினார். ராணுவ ஆட்சி வருகிறது என்று தெருவில் எதிர்ப்பு கிளம்பியது. 1993இல் ஹாவ் பதவியை விட்டுப் போயிருந்தார், லீ இருந்தார். குவோமிந்தாங்கின் முக்கியப் புள்ளி ஜேம்ஸ் சூங்கின் கதை இன்னும் சுவாரஸ்யம். 1988 ஜனவரியில் கட்சித் தலைமை லீக்கு வரக்கூடாது என்று சிலர் இழுத்தடித்தபோது, கூட்டத்தில் எழுந்து கண்டித்துவிட்டு வெளியே போனவர் இந்த சூங். அவர் ஆளுநராக இருந்த தைவான் மாகாண அரசையே 1997இல் அரசியலமைப்புத் திருத்தம் போட்டு முடக்க வழி செய்தார் லீ. 2000 அதிபர் தேர்தலில் சூங் தனியாக நின்றார், குவோமிந்தாங் ஓட்டுப் பிளந்தது, 39% வாங்கிய எதிர்க்கட்சி வேட்பாளர் சென் ஷுய்-பியான் ஜெயித்தார். அரை நூற்றாண்டு ஆண்ட கட்சி இறங்கியதை லீயின் சாதனையில் சேர்ப்பதா, சறுக்கலில் சேர்ப்பதா என்று ஒரு பத்தி எழுதுங்கள். நான் இரண்டிலும் சேர்த்தேன்.

1995இல் லீ அமெரிக்காவின் கார்னெலுக்குப் போன பயணம், அதில் கோபப்பட்ட சீனா தைவானை மிரட்ட ஏவிய ஏவுகணைகள், அமெரிக்கா அனுப்பிய இரண்டு விமானந்தாங்கிக் கப்பல்கள்: ஐந்து வரிக்கு மேல் வேண்டாம். ஆசை காட்டி இழுக்கும், ஆனால் அது வெளியுறவு யூனிட்டின் சரக்கு. மிரட்டலுக்கு நடுவிலும் 54% வந்தது என்று இணைத்தால் போதும். 1999இல் ஜெர்மன் வானொலிக்குத் தந்த பேட்டியில், சீனாவுடனான உறவைத் தனிவகையான நாட்டுக்கு நாடு உறவு என்று சொன்னதற்கு மூன்று வரி. 2001இல் கட்சியிலிருந்து நீக்கம், 2020 ஜூலை 30இல் 97 வயதில் மறைவு, இவையெல்லாம் நேரம் மிச்சமிருந்தால்.