சொடெக்ஸோ புத்தகமும் எங்கள் வீட்டு மளிகையும்

2011-இல் தரமணியில் வேலைக்குச் சேர்ந்தபோது, மாதம் பிறந்தால் ஒரு சின்னப் புத்தகம் கைக்கு வரும். கம்பெனி தரும் சொடெக்ஸோ கூப்பன், 2,200 ரூபாய்க்கு. பணம் மாதிரியே கடையில் சாப்பாட்டுச் சாமானுக்குக் கிழித்துக் கொடுக்கலாம். கூட வேலை பார்த்த பலர் அதை ஃபுட் கோர்ட்டிலேயே கிழித்துத் தீர்த்துவிடுவார்கள். நான் தயிர் சாதம் கட்டிக்கொண்டு போய்விடுவேன். புத்தகம் அப்படியே வேளச்சேரி மளிகைக்கு.

அது இலவசம் இல்லை. என் சம்பளத்தில் ஒரு பகுதிதான். லாபம் வருமான வரியில். ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு 50 ரூபாய் வரை வரி கிடையாது என்பது அன்றைய விதி. நாளுக்கு இரண்டு வேளை, 22 வேலை நாள். வருஷத்துக்கு 26,400. 20 சதவீத வரி, அதன் மேல் போடும் செஸ் எல்லாம் சேர்த்து எனக்கு 5,438 ரூபாய் மிச்சம். புதிதாகக் குடித்தனம் வைத்த எங்களுக்கு அது பெரிய காசு.

ஆனால் கூப்பனுக்கு மீதிச் சில்லறை தரமாட்டார்கள். பில் 487 வந்தால், 500-க்குக் கிழித்துக் கொடுக்க மனசு வராமல் 13 ரூபாய்க்குப் பிஸ்கெட் எடுப்பேன். மூன்று மாதம் இப்படியே போனது. அப்புறம் பில் போடும் பெண்தான் சொன்னாள்: "அக்கா, ரவுண்டு பண்ண எதையும் எடுக்காதீங்க. 450-க்குக் கூப்பன் குடுங்க, மிச்சம் 37-ஐக் காசா குடுங்க." அந்தப் பெண்ணை இன்றும் நன்றியோடு நினைக்கிறேன்.

இன்னொன்று, நானே பட்டுத் தெரிந்துகொண்டது. தெருமுனைக் கடையில் ரொக்கம் கொடுத்தால் எண்ணெய்க்கு 8 ரூபாய் குறைப்பார்கள். கூப்பன் என்றால் எம்.ஆர்.பி.தான். கடைக்காரர் கூப்பன் நிறுவனத்துக்குக் கமிஷன் கொடுத்துப் பணமாக்க வேண்டும், அவரைக் குறை சொல்ல முடியாது. அதனால் பிரித்துக்கொண்டேன். அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் ரொக்கத்துக்கு, விலை பேசி வாங்கும் கடையில். டீத்தூள், நெய், சத்துமாவு மாதிரி எங்கே வாங்கினாலும் ஒரே விலை விற்பவை கூப்பனுக்கு. சோப்பு, ஃபினாயில் சாப்பாட்டுச் சாமான் இல்லையே, அவை தனி பில். இதற்கென்றே அத்தை மளிகைச் சீட்டை இரண்டு பத்தியாக எழுதித் தருவார்.

ஒரு தடவை 300 ரூபாய்க் கூப்பன் பீரோவில் கிடந்து தேதி முடிந்துபோனது. அன்றிலிருந்து புத்தகத்தின் இடம் அஞ்சறைப்பெட்டிக்குப் பக்கத்தில்தான். கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும்.

2017 முடிவோடு தாள் கூப்பன் போய் அட்டை வந்துவிட்டது. கடைசிப் புத்தகத்தில் மூன்று ஐம்பது ரூபாய்த் தாள்கள் இருந்தன. பொங்கலுக்கு முந்திரியும் நெய்யும் வாங்கக் கொடுத்தேன். போதாத 22 ரூபாயை அத்தை தன் சுருக்குப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.