மேஜையின் எதிர்ப்பக்கம்

அறுவை சிகிச்சை கற்றுக்கொடுப்பவர் மேஜையின் எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று கேட்டால், உதவியாளர் நிற்கும் பக்கம் என்றுதான் சொல்வேன். கத்தி பிடிக்கும் இடம் ஃபெல்லோவுக்கு, அதாவது மேற்பயிற்சியில் இருக்கும் அறுவை சிகிச்சை மருத்துவருக்கு. அவருக்கு எதிரே நின்று திசுவை இழுத்துப் பிடித்து, வெட்ட வேண்டிய தளத்தைத் திறந்து காட்டுவது ஆசிரியரின் வேலை. பார்ப்பவர்களுக்கு ஆபரேஷன் செய்வது ஃபெல்லோ. ஆனால் அது எந்தத் திசையில் போகிறது என்பது பெரும்பாலும் எதிர்ப்பக்கக் கையில்தான் இருக்கிறது. இழுவை சரியாக இருந்தால் இரண்டு திசுத் தளங்களுக்கு நடுவே சிலந்தி வலை போன்ற மெல்லிய இழைகள் தெரியும். அங்கே வெட்டினால் ரத்தம் அதிகம் வராது. இழுவை தவறினால் தேர்ந்த கையும் தடுமாறும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. நான் நன்றாக இழுத்துக் கொடுத்தால் ஃபெல்லோ நன்றாகச் செய்வார், எல்லாம் தன் கையால் வந்தது என்று நம்பியும் விடுவார். பயிற்சி முடிந்து, அனுபவம் குறைந்த ஓர் உதவியாளருடன் தனியாக நிற்கும் நாளில்தான் அந்தத் தளம் தானாகத் திறக்காது என்று தெரியவரும். அதனால் பயிற்சியின் பிற்பாதியில் ஃபெல்லோவை எதிர்ப்பக்கம் அனுப்பிவிடுவேன். பயிற்சியில் அவரைவிட இளையவரான ஜூனியர் ரெசிடென்ட் செய்யட்டும், ஃபெல்லோ உதவட்டும், நான் பின்னால் நிற்கிறேன். தங்கள் கேஸ் பறிபோய்விட்டதாகப் பலர் முதலில் வருத்தப்படுவார்கள். இரண்டு மூன்று வாரங்களில் அந்த வருத்தம் மாறிவிடும். பிறர் கையை வழிநடத்தும்போதுதான் தன் கை அதுவரை என்ன செய்துகொண்டிருந்தது என்பதே தெளிவாகிறது.

படிப்படியாகப் பொறுப்பைக் கூட்டும் இந்தப் பயிற்சி முறைக்கு அமெரிக்க அறுவை சிகிச்சை நிபுணர் வில்லியம் ஹால்ஸ்டெட்டின் பெயரைச் சொல்வார்கள். 1889-இல் திறந்த ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் அவர் உருவாக்கிய ரெசிடென்சி முறையின் நிழலில்தான் இன்றும் நாம் நிற்கிறோம். அதோடு சேர்ந்து வந்த ‘ஒன்றைப் பார், ஒன்றைச் செய், ஒன்றைக் கற்றுக்கொடு’ என்ற வழக்கில் எனக்கு உடன்பாடில்லை. பார்ப்பதற்கும் செய்வதற்கும் நடுவில் நிறைய இருக்கிறது. பயிற்சியில் இருப்பவர் எந்த அளவுக்குத் தானாகச் செய்கிறார் என்பதை மதிப்பிடும் ஸ்விஷ் அளவுகோல் அதை 4 படிகளாகப் பிரிக்கிறது: ஆசிரியர் செய்தபடியே விளக்குவது, கைகொடுத்து வழிநடத்துவது, கேட்டால் மட்டும் உதவுவது, சும்மா மேற்பார்வையிடுவது. ஒரே ஆபரேஷனில் ஒருவர் முதல் கட்டத்தில் நான்காம் படியிலும், கடினமான கட்டத்தில் முதல் படியிலும் இருக்கலாம். அதனால் காலையிலேயே பேசிவிடுகிறோம்: இன்று எந்தப் பகுதி யாருடையது, எந்தக் கட்டத்தில் நான் கருவியை வாங்கிக்கொள்வேன். முன்கூட்டியே சொல்லிவிட்டால், நடுவில் வாங்கும்போது அது அவமானமாகத் தெரியாது. கடினமான இடத்தைக் கடந்ததும் கருவியைத் திருப்பிக் கொடுத்துவிடவும் வேண்டும். பல ஆசிரியர்கள் மறப்பது இதைத்தான்.

ஆனால் என் கவலை கையைப் பற்றியதைவிட வாயைப் பற்றியது. அனுபவம் கூடக் கூட அறுவை சிகிச்சை நிபுணர்கள் மௌனமாகிவிடுகிறார்கள். கை தானாகப் போகிறது, ஏன் அங்கே போகிறது என்று சொல்ல வருவதில்லை. பக்கத்தில் நிற்பவர் அசைவைக் கற்றுக்கொள்கிறார், முடிவைக் கற்றுக்கொள்வதில்லை.

லேப்ராஸ்கோப்பியில், அதாவது சிறு துளைகள் வழியே கேமராவையும் கருவிகளையும் செலுத்தி, பித்தப்பையை அகற்றுவதை எடுத்துக்கொள்வோம். அதில் எல்லோரும் அஞ்சுவது, பித்தத்தைக் குடலுக்குக் கொண்டுசெல்லும் பொதுப் பித்தநாளத்தை வெட்டிவிடுவதைத்தான். 2003-இல் வெளியான ஓர் ஆய்வு இப்படிப்பட்ட 252 காயங்களை ஆராய்ந்தது. அவற்றில் 97 சதவீதத்துக்கு முதன்மைக் காரணம் கண்ணின் மயக்கம். கைத்திறன் குறைவு அல்ல. பொதுப் பித்தநாளத்தைப் பித்தப்பையின் குழாய் என்றே நம்பி, உறுதியோடு வெட்டியிருக்கிறார்கள். தவறாகப் பார்க்கிறவருக்குத் தான் தவறாகப் பார்ப்பது தெரியாது. அதனால்தான் அறுவை சிகிச்சை நிபுணர் ஸ்ட்ராஸ்பெர்க் 1995-இல் முன்வைத்த பாதுகாப்புக் காட்சி இவ்வளவு முக்கியமாகிறது. பித்தப்பையின் குழாய்க்கும் ஈரலுக்கும் நடுவே உள்ள முக்கோணத்தில் கொழுப்பையும் நாரையும் முழுக்க நீக்க வேண்டும். பித்தப்பையின் கீழ்ப்பகுதி ஈரல் படுகையிலிருந்து பிரிந்திருக்க வேண்டும். பித்தப்பைக்குள் இரண்டு குழாய்கள், பித்தக்குழாயும் ரத்தக்குழாயும், இரண்டே இரண்டு, நுழைவது தெரிய வேண்டும். அதுவரை குழாயை அடைக்கும் கிளிப் கிடையாது.

என் தியேட்டரில் அந்தக் கட்டம் வந்ததும் எல்லோரும் கையை நிறுத்துவோம். “இப்ப என்ன தெரியுது, சொல்லுங்க” என்று கேட்பேன், ஃபெல்லோவிடம் அல்ல, கேமரா பிடித்திருக்கும் மாணவரிடம். “ரெண்டு குழாய் தெரியுது மேடம், ஆனா பின்பக்கம் சரியா தெரியல” என்று மாணவர் சொன்னால், ஃபெல்லோ பித்தப்பையைத் திருப்பிப் பின்பக்கத்தையும் காட்ட வேண்டும். மாணவரின் ஒப்புதல் பாதுகாப்புக்கு உத்தரவாதம் இல்லை. ஆனால் புதுக் கண்ணுக்குத் தெளிவாகாத ஒரு காட்சியில் பழகிய கண், இல்லாததையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருக்க வாய்ப்பு உண்டு. இந்த ஒரு நிமிடத்தில் மாணவர் உடற்கூறு படிக்கிறார், ஃபெல்லோ தன் முடிவுக்குக் காரணம் சொல்லப் பழகுகிறார், நோயாளிக்கு இன்னொரு ஜோடிக் கண்கள் கிடைக்கின்றன.

மாணவர்களைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். மணிக்கணக்கில் திசுவை விலக்கி வைக்கும் ரிட்ராக்டரைப் பிடித்தபடி, யாரோ ஒருவரின் முதுகை மட்டும் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போவதற்குப் பயிற்சி என்று பெயர் வைக்கக் கூடாது. ஒவ்வொருவருக்கும் ஒரு முழு வேலை வேண்டும், அது சின்னதாக இருந்தாலும் சரி. கருவி நுழைந்த போர்ட் துளையில் தோலைத் தைப்பது, சாய்வாகப் பார்க்கும் 30 டிகிரி கேமராவில் படத்தின் அடிவானம் சாயாமல் பார்த்துக்கொள்வது, இப்படி ஏதாவது. முந்தின நாள் அந்த நோயாளியிடம் பேசியிருக்க வேண்டும், மறுநாள் காயத்தையும் பார்க்க வேண்டும். அப்புறம், தியேட்டரில் மயக்கம் வருவது வெட்கப்பட வேண்டிய விஷயமே இல்லை. சாப்பிட்டுவிட்டு வாருங்கள், முட்டியை விறைப்பாக வைக்காதீர்கள், தலை சுற்றினால் உடனே சொல்லிவிட்டு மேஜையை விட்டு விலகி உட்காருங்கள்.

நோயாளியின் உடலில் கற்கக் கூடாதவற்றை, லேப்ராஸ்கோப்பிக் கருவிகளோடு பழகும் பயிற்சிப் பெட்டியான பாக்ஸ் ட்ரெய்னரில் கற்க வேண்டும். லேப்ராஸ்கோப்பியில் கை இடது பக்கம் போனால் கருவியின் நுனி வலது பக்கம் போகும். இது மூளைக்குப் பழக நாள் பிடிக்கும், அந்த நாட்கள் பெட்டிக்குள் கழியட்டும். நோயாளிக்கும் உண்மை தெரிய வேண்டும். பயிற்சியில் இருப்பவர் எந்த அளவுக்குப் பங்கெடுப்பார், முழுப் பொறுப்பு யாருடையது என்பதை ஒப்புதல் வாங்கும்போதே, ஃபெல்லோவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நானே சொல்லிவிடுகிறேன். அப்படிச் சொன்னால் பெரும்பாலானவர்கள் சம்மதிக்கிறார்கள். மறுப்பவர்களுக்கு மறுக்கும் உரிமை இருக்கிறது.

கடுமையாக வீங்கி, எல்லாம் ஒட்டிக்கிடந்த ஒரு பித்தப்பை ஒரு நாள் வந்தது. எவ்வளவு முயன்றும் அந்தக் காட்சி கிடைக்கவில்லை. “இதுக்கு மேல போக வேண்டாம் மேடம், பாதியோட நிறுத்திக்கலாம்” என்றார் ஃபெல்லோ. நான் கேட்கும் முன்பே சொன்னார். அடிப்பகுதியை விட்டுவிட்டு, உள்ளே இருந்த கற்களை எடுத்து, வடிகுழாய் வைத்து முடித்தார். பயிற்சிப் பதிவேட்டில் செய்தவற்றை எழுதத்தான் கட்டங்கள் இருக்கின்றன, சரியான நேரத்தில் நிறுத்தியதை எழுத இடமில்லை. குறிப்புக் கட்டத்தில் நானே எழுதிக் கையெழுத்திட்டேன். அவருக்குப் பரிந்துரைக் கடிதம் எழுத உட்கார்ந்தபோது முதல் பத்தியில் அந்தக் கேஸைத்தான் சொன்னேன்.