பூங்காவுக்கு அடியில் ஓர் ஊர்

நியூயார்க் சென்ட்ரல் பார்க்கின் புல்வெளிப் படங்களைப் பார்த்தாலே எனக்கு அந்தக் காலணி நினைவுக்கு வந்துவிடுகிறது. 2011 அகழாய்வில் அங்கே கிடைத்த, ஒரு குழந்தையின் காலணி. கூடவே ஓர் இரும்புக் கெண்டி.

அங்கே செனிகா வில்லேஜ் என்ற ஊர் இருந்தது. 1825இல் ஆண்ட்ரூ வில்லியம்ஸ் என்ற கறுப்பின இளைஞர் 125 டாலருக்கு மூன்று மனைகள் வாங்கினார். வெறும் மண்ணா அது? 250 டாலர் சொத்து இருந்தால்தான் அன்று அங்கே கறுப்பின ஆணுக்கு வாக்குரிமை.

சுமார் 225 பேர், மூன்று தேவாலயங்கள், ஒரு பள்ளிக்கூடம். பத்திரிகைகளோ அவர்களைப் புறம்போக்கில் குடிசை போட்டவர்களைப் போல எழுதின. கிரயப் பத்திரம் வைத்திருந்தவர்களை! பூங்கா அமைப்பதற்காக 1857இல் எல்லோரையும் வெளியேற்றிவிட்டார்கள். இழப்பீடு உண்டு. வில்லியம்ஸ் கேட்டதைவிடக் குறைவாகத்தான் கிடைத்தது.