திரும்ப ஏற்றிப் பார்த்த பிறகுதான் பேக்கப்பை நம்புகிறேன்

போன ஐப்பசி அடைமழையில் மன்னார்குடி வீட்டுக் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. ராத்திரி முழுக்கக் கரண்ட் போவதும் வருவதுமாக இருந்தது, காலையில் ஆன் செய்தால் கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி, உள்ளே ஹார்ட் டிஸ்க் டக் டக்கென்று தட்டிக்கொண்டே இருந்தது. பத்திரம், சிட்டா ஸ்கேன், பயிர்க் காப்பீட்டு ரசீது எல்லாம் பென் டிரைவில் இருந்ததால் தப்பித்தோம். ஆனால் புது டிஸ்க்கில் விண்டோஸ், பிரிண்டர் டிரைவர், அப்பாவின் நெல் கணக்கு மென்பொருள், அம்மா தட்டும் தமிழ் கீபோர்டு என்று ஒவ்வொன்றாகத் திரும்பப் போட மூன்று நாள் ஆயிற்று.

ஃபைலை மட்டும் நகலெடுத்தால் இந்த வேலை மிச்சமாகாது. விண்டோஸ், மென்பொருள், ஃபைல் எல்லாம் சேர்ந்த டிஸ்க் முழுவதையும் அப்படியே ஒரே நகலாக, அதாவது இமேஜாக, எடுத்திருந்தால் புது டிஸ்க்கை மாட்டி, இமேஜை இறக்கி, பழைய டெஸ்க்டாப்பையே பார்த்திருக்கலாம்.

சரி, எந்த மென்பொருள்? நண்பர்கள் பலர் சொன்ன மேக்ரியம் ரிஃப்ளெக்ட்டின் இலவசப் பதிப்புக்கு 2024 தொடக்கத்தோடு ஆதரவு நின்றுவிட்டது. தைவானில் உருவான குளோன்ஜில்லா இலவசம், நம்பகமானது, பென் டிரைவிலிருந்தே ஓடும். ஆனால் திரை முழுக்க எழுத்துதான், புது டிஸ்க் பழையதைவிடச் சிறியதாக இருந்தால் வழக்கமான முறையில் இறக்கவும் விடாது, 500 ஜிபியைக் கழற்றிவிட்டு 480 ஜிபி எஸ்எஸ்டி மாட்ட நினைப்பவர்கள் இதைக் கவனியுங்கள். மவுஸ் வேண்டுமென்றால் அதே இமேஜைப் படிக்கும் ரெஸ்கியூஜில்லா இருக்கிறது. நான் தேர்ந்தெடுத்தது வீம் ஏஜென்ட்டின் இலவசப் பதிப்பு. விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே எடுக்கும், முதல் தடவைக்கு அப்புறம் மாறியதை மட்டும் சேர்க்கும், முடிந்ததும் யூஎஸ்பி டிஸ்க்கைத் தானே எஜெக்ட் செய்யவும் சொல்லிவைக்கலாம். அப்பா ஒயரைப் பிடுங்கி பீரோவில் வைத்துவிடுவார், இடி மின்னல் நேரத்தில் அது கம்ப்யூட்டரோடு இணையாமல் இருப்பதுதான் எனக்கு நிம்மதி.

எதைப் போட்டாலும், விண்டோஸ் எழாதபோது கம்ப்யூட்டரைத் தொடங்கி இமேஜை இறக்க உதவும் மீட்புப் பென் டிரைவை உடனே தயார் செய்து, அதிலிருந்து உங்கள் கம்ப்யூட்டர் பூட் ஆகிறதா, அந்தத் திரையில் உங்கள் பேக்கப் டிஸ்க் தெரிகிறதா என்று இன்றைக்கே பாருங்கள். நான் ஒருபடி மேலே போய், ஓடுகிற டிஸ்க்கைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, வேறொரு டிஸ்க்கில் இமேஜை இறக்கினேன். ஒன்றரை மணி நேரம் கழித்து அம்மா உட்கார்ந்து 'அ' தட்டினார், வந்தது.

டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் போட்டிருந்தால் அதன் மீட்புச் சாவியைத் தாளில் எழுதி ரேஷன் கார்டோடு வையுங்கள். 2018 கஜா புயலில் ஓடு பறந்து நனைந்த வீடுகளைப் பார்த்தவன் என்பதால் இரண்டாவது டிஸ்க் ஒன்றைத் தஞ்சாவூரில் அக்கா வீட்டில் வைத்திருக்கிறேன், மாதம் ஒருமுறை போகும்போது மாற்றிக்கொண்டு வருகிறேன்.