மீதி ஒன்று

ஆரம்பப் பள்ளி நாட்களைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தரும்படி மலர்க்குழுவினர் கேட்டார்கள். ஐந்து வருடம் படித்த இடத்தை இரண்டு பக்கத்துக்குள் அடக்க என்னால் முடியாது. ஒரு கிழமையை மட்டும் சொல்கிறேன். 1969ஆம் ஆண்டு, மூன்றாம் வகுப்பு, குருத்தோலை ஞாயிறு வந்த கிழமை.

நமக்குப் பிறகு படித்தவர்களுக்கும் வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளுக்கும் முதலில் ஒன்றை விளக்க வேண்டும். 1966 முதல் 1971 வரை இலங்கையில் ஞாயிற்றுக்கிழமை விடுமுறை நாள் அல்ல. அமாவாசை, வளர்பிறை அட்டமி, பறுவம் என்கிற முழுநிலவு, தேய்பிறை அட்டமி என்று நிலவின் நான்கு நிலைகளை வைத்து, பௌத்தர்களின் புனித நாட்களான போயா நாட்கள் வகுக்கப்பட்டன. போயாவும் அதற்கு முதல் நாளும்தான் வார இறுதி. இந்தப் போயா திங்களிலும் வரும், வியாழனிலும் வரும். ஞாயிறு மற்ற நாட்களைப் போல ஒரு வேலை நாள். அரசாங்கம் 1960, 1961இல் உதவி பெறும் பாடசாலைகளைப் பொறுப்பேற்றபோது நம் பள்ளிக்கூடமும் அரசாங்கப் பாடசாலையாகிவிட்டது. சிஸ்டர்மார் தொடர்ந்து படிப்பித்தார்கள், மாதாவின் சுரூபம் அதே இடத்தில் இருந்தது, ஆனால் நேரசூசி அரசாங்கத்தின் நேரசூசி. ஆகவே ஒரு கத்தோலிக்கப் பள்ளிக்கூடத்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் மணி அடித்து வகுப்பு நடந்தது.

நாங்கள் ஐந்து மணிப் பூசைக்கே வெள்ளைச் சீருடையோடு போவோம். பூசை முடிந்து வீட்டுக்கு ஓடி, பாணும் தேத்தண்ணியும் குடித்துவிட்டுப் புத்தகப் பையோடு திரும்புவோம். யாழ்ப்பாணத்துக் கரையோரக் குருநகர்ப் பக்கத்தில் ஞாயிறு யாரும் தொழிலுக்குப் போகமாட்டார்கள். வள்ளங்கள் கரையில் கிடக்கும். ஐயாமார் வீட்டில், பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். போயா நாளில் இது அப்படியே தலைகீழாகும். பிள்ளைகள் வீட்டில், ஐயாமார் கடலில். ஒரு கிழமை முழுக்கத் தகப்பனும் பிள்ளையும் பகல் வெளிச்சத்தில் ஒன்றாக இருக்கும் நாளே கிடைக்காமல் போனதுண்டு. அந்த ஆறு வருடமும் எங்கள் வயதுப் பிள்ளைகளுக்கு இதுதான் பெரிய இழப்பு என்று இன்றும் நினைக்கிறேன்.

எங்கள் வகுப்புச் சிஸ்டர் இதைப் பற்றி ஒரு குறையும் சொல்லி நான் கேட்டதில்லை. அவர் இந்தப் போயாவையே பாடமாக்கினார்.

அந்தக் கிழமையின் முதல் நாள் கணக்குப் பாடம். பிரித்தல் தொடங்கிய நேரம். எல்லோரும் வீட்டிலிருந்து புளியங்கொட்டை கொண்டுவர வேண்டும் என்று முதலே சொல்லியிருந்தார். வாங்குகளைச் சுவரோரம் தள்ளிவிட்டுத் தரையில் இருந்தோம். ஆளுக்கு இருபத்தொன்பது கொட்டை.

"ஒரு பறுவத்திலயிருந்து அடுத்த பறுவம் வரைக்கும் இருபத்தொன்பதரை நாள். அரையை இப்ப விடுங்கோ. இருபத்தொன்பதை நாலு போயாவுக்கும் பிரியுங்கோ பாப்பம்."

ஏழு, ஏழு, ஏழு, ஏழு. ஒரு கொட்டை மிஞ்சியது. அதைக் கையில் வைத்துக்கொண்டு எல்லோரும் விழித்தோம்.

"அதுதான் மீதி ஒண்டு. அந்த ஒரு நாள் எங்கேயாவது ஒரு கிழமைக்குள்ள போகத்தான் வேணும். அந்தக் கிழமைக்கு எட்டு நாள். உங்களுக்கு ஒரு நாள் கூடப் பள்ளிக்கூடம்."

வகுப்பு முழுக்க "ஆ" என்று ஒரே சத்தம். பிறகு முப்பது கொட்டைக்குப் பிரித்தோம். மீதி இரண்டு. சில மாதத்தில் ஒரு நீளக் கிழமையும் சில மாதத்தில் இரண்டும் ஏன் வருகின்றன என்று எட்டு வயதில் எங்களுக்கு விளங்கிவிட்டது. மீதி என்ற சொல்லை நான் வேறு எந்தப் பாடத்திலும் இவ்வளவு உறுதியாகப் பிடித்ததில்லை.

நிலவை வரையும் வேலை அதற்கு முந்திய அமாவாசையிலிருந்தே நடந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு நாளும் பின்னேரம் வானத்தைப் பார்த்து, மறுநாள் கொப்பியில் வரைந்து காட்ட வேண்டும். ஒரு நாள் எனக்குப் பார்க்க நேரம் கிடைக்கவில்லை. வீட்டில் கிடந்த ஓர் ஆங்கிலப் படப் புத்தகத்தில் இருந்த பிறையைப் பார்த்து வரைந்துகொண்டு போனேன். சிஸ்டர் கொப்பியைத் திருப்பித் தந்தார்.

"இது புத்தகத்து நிலா. நிமிந்து நிக்குது. எங்கட நிலா எப்பிடிக் கிடக்கும்?"

"தோணி மாதிரி, சிஸ்டர்," என்று பின் வாங்கிலிருந்து ஒருத்தி சொன்னாள்.

பூமத்திய ரேகைக்கு அருகில் உள்ள நம் ஊரில் இளம்பிறை மல்லாந்து கிடக்கும். மாசி, பங்குனி மாதங்களில் அது அச்சொட்டாகத் தோணிதான். வடக்கே போகப் போக அது நிமிர்ந்துவிடும். பல வருடங்களுக்குப் பிறகு கனடாவில், ஸ்காபரோவில் என் முதல் குளிர்காலத்தில், பஸ் தரிப்பிடத்தில் நின்றபடி மேற்கே பார்த்தேன். பிறை நிமிர்ந்து நின்றது. "புத்தகத்து நிலா" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். பக்கத்தில் நின்றவர் திரும்பிப் பார்த்தார்.

வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை. அன்று படிப்புக் கொஞ்சம்தான். மத்தியானம் பன்னிரண்டுக்குக் கோயில் மணி அடித்ததும் எழுதிக்கொண்டிருந்ததை அப்படியே விட்டு எழுந்து மூவேளைச் செபம் சொல்வோம். வகுப்பில் நாங்கள் "அருள் நிறைந்த மரியே" என்போம். வீட்டில் அம்மம்மா பழைய முறையில் "பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே" என்பார். சிறுவயதில் இவை இரண்டு வேறு செபங்கள் என்றே நினைத்திருந்தேன். பிரியதத்தம் என்றாலும் அருள்தான் என்று சிஸ்டர் விளக்கிய அன்று அம்மம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "எனக்குத் தெரியாதே?" என்றார்.

இப்போது ஞாயிறு. மார்ச் 30. விடியப்புறப் பூசையில் ஓலை மந்திரித்துத் தந்தார்கள். சைவப் பிள்ளைகள் தவிர வகுப்பில் எல்லோர் கையிலும் குருத்தோலை. அறை முழுக்கப் பச்சை ஓலை வாசம். அன்று உறுப்பெழுத்துப் பாடம் நடக்கவில்லை. ஓலையைக் கிழித்துச் சிலுவை பின்னக் காட்டித் தந்தார். சமய பாடத்துக்காக வேம்பின் கீழ்ப் போயிருந்த சைவப் பிள்ளைகள் திரும்பி வந்து, மிச்ச ஓலையில் கிளியும் பாம்பும் பின்னினார்கள். அவர்களுடைய பின்னல் எங்களுடையதைவிட நேர்த்தியாக இருந்தது.

உயிர்த்த ஞாயிறு ஏன் ஒவ்வொரு வருடமும் வேறு தேதியில் வருகிறது என்று நான் கேட்டேன். சிஸ்டர் கரும்பலகையில் எழுதினார். மார்ச் 21. அன்றோ அதற்குப் பிறகோ வரும் முதல் பறுவம். அந்தப் பறுவத்துக்குப் பிறகு வரும் முதல் ஞாயிறு. மார்ச் 22க்கு முந்தாது, ஏப்ரல் 25க்குப் பிந்தாது. "அப்ப பாஸ்காவும் போயாவைப் பாத்துத்தானா?" என்றான் ஒருவன். "போயா, பாஸ்கா இரண்டும் நிலவைப் பாத்து," என்றார். வேம்படியிலிருந்து வந்த ஒரு பிள்ளை எழுந்து, அந்தப் பறுவத்தில்தான் தங்களுக்குப் பங்குனி உத்தரம் என்றாள். சிஸ்டர் அதையும் பலகையில் எழுதினார்.

"சரி, அடுத்த பறுவம் எப்ப? கலண்டர் பாக்காமல் சொல்லோணும்."

யாருக்கும் தெரியவில்லை. "உங்கட ஐயாமாருக்குத் தெரியும். இண்டைக்கு வீட்டிலதானே நிக்கினம்? ஆராவது போய்க் கூட்டிக்கொண்டு வாங்கோ."

எங்கள் வீடு மிக அருகில். நான் ஓடினேன். ஐயா முற்றத்தில் வலை பொத்திக்கொண்டிருந்தார். சிஸ்டர் கூப்பிடுகிறார் என்றதும் நான் ஏதோ பிழை செய்துவிட்டேன் என்று பயந்துபோனார். சட்டையைப் போட்டுக்கொண்டு பின்னால் வந்தார். வகுப்பு வாசலில் வந்ததும் தோளில் கிடந்த சால்வையை எடுத்து இடுப்பில் கட்டினார். சிஸ்டர் கதிரையைக் காட்டினார். அவர் இருக்கவில்லை. ஐயா இரண்டாம் வகுப்போடு நின்றவர். அதற்குப் பிறகு ஒரு வகுப்பறைக்குள் அவர் வந்தது அன்றுதான்.

"பறுவம் எப்ப எண்டு பிள்ளையளுக்குச் சொல்லுங்கோ."

"புதன் இரவு," என்றார் ஐயா, யோசிக்காமல்.

எப்படித் தெரியும் என்று சிஸ்டர் கேட்டார். முதலில் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். நிலவு காலத்தில் மீன் வலையைக் கண்டுவிடும், அதனால் பாடு குறைவு, இருட்டுக் காலம்தான் தொழிலுக்கு நல்லது, ஆகவே நிலவு எந்த நேரம் ஏறும், எந்த நேரம் படும் என்று தெரியாமல் ஒருவன் வள்ளம் தள்ள முடியாது என்றார். நிலவு ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் பிந்தி ஏறும் என்றார். பிறகு தலை நிமிர்ந்தார். காற்றுகளைப் பற்றிப் பேசினார். சிஸ்டர் பலகையில் நான்கு திசைகளை வரைந்து, ஐயா சொல்லச் சொல்ல எழுதினார். வடக்கில் வாடை. தெற்கில் சோளகம். கிழக்கில் கொண்டல். மேற்கில் கச்சான். எங்கள் புத்தகத்தில் திசைகள் மட்டும்தான் இருந்தன, காற்றுகள் இல்லை. அவற்றைக் கொப்பியில் எழுதச் சொன்னார் சிஸ்டர். என் ஐயா வாயால் சொன்னது பாடமாகக் கரும்பலகையில் இருந்ததை நான் அந்த ஒரு நாள்தான் பார்த்தேன்.

அந்தக் கொப்பி 1995 இடப்பெயர்வு வரை வீட்டில் இருந்தது. பிறகு வீடே இருக்கவில்லை.

ஐயா போனார் என்று நினைத்தோம். கணக்குப் பாடம் தொடங்கிச் சில நேரம் கழித்துப் பார்த்தால், ஜன்னல் பக்கத்தில் வேலியோரம் நின்றுகொண்டிருந்தார். நாங்கள் மறுபடி புளியங்கொட்டையைப் பிரிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றார். சிஸ்டர் கண்டும் காணாத மாதிரி, வழமையைவிடக் கொஞ்சம் உரத்துப் படிப்பித்தார்.

அதற்குப் பிறகு ஓரிரு ஞாயிறுகளில் வேறு பிள்ளைகளின் ஐயாமாரும் வந்தார்கள் என்று நினைவு. ஒருவர் வலை முடிச்சுக் காட்டினார். அதே ஆண்டு ஜூலையில், யாகப்பர் திருநாளுக்கு ஆயத்தங்கள் நடந்துகொண்டிருந்த நாட்களில், நிலவில் மனிதர் இறங்கிய செய்தி வானொலியில் வந்தது. ஊரில் பலர் நம்பவில்லை. எங்கள் வகுப்பு நம்பியது.

ஐயா சொன்னபடி புதன் இரவு பறுவம். அடுத்த நாள் பெரிய வியாழன். கோயிலில் ஆராதனை முடிந்து நானும் ஐயாவும் கடற்கரை ஒழுங்கையால் நடந்து வந்தோம். கடல்நீர் அசையாமல் கிடந்தது, நிழல் விழும் அளவுக்கு நிலவு. வீட்டில் எல்லோரும் படுத்துவிட்டார்கள். ஐயா குசினிக்குள் போய், புளியங்கொட்டைச் சிரட்டையை எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்தார். விளக்குத் தேவைப்படவில்லை. இருபத்தொன்பதை எண்ணி வைத்தார். நாலு வரியாகப் பிரித்தார், சிஸ்டர் செய்ததைப் போலவே, ஒவ்வொன்றாக. கடைசிக் கொட்டை கையில் நின்றது. அதை விரலால் உருட்டியபடி என்னைப் பார்த்தார்.

"இதை எங்க வைக்கிறது?"

நான் அதை வாங்கி, மூன்றாவது வரியின் முடிவில், ஏழாவது கொட்டைக்குப் பக்கத்தில் வைத்தேன்.